கரித்துணிகூட ஆகாத சேலைகள்

போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது, பரண் மேல் கிடந்த மூட்டையை இறக்கச் சொன்னார் அம்மா. பழைய போர்வையை விரித்து, உள்ளே துணிகளைக் கொட்டி, நான்கு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்ட பெரிய மூட்டை. அவிழ்த்தால் பத்து வருஷத்துக் குடும்பச் சரித்திரம். தங்கையின் சுடிதார்கள், முட்டி தேய்ந்த லெக்கிங்ஸ், என் அலுவலகப் பேன்ட்டுகள், யார் யார் வீட்டுச் சீமந்தத்துக்கோ வைத்துக்கொடுத்த சேலைகள், சாயம் போன நைட்டிகள், ஓரம் பிய்ந்த படுக்கை விரிப்புகள்.

அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே ஒரு தேய்ப்பு. பிறகு வலப்பக்கமோ இடப்பக்கமோ போட்டார். லேபிளைப் பார்க்கவில்லை, கண்ணாடிகூடப் போடவில்லை. அரை மணி நேரத்தில் வலப்பக்கம் ஒரு சின்னக் குவியல், இடப்பக்கம் குன்று.

"இந்தப் பக்கம் என்னம்மா?"

"நூல் துணி. வருஷம் பூரா கரித்துணிக்கு ஆச்சு."

"அந்தப் பக்கம்?"

"அது ஒண்ணுத்துக்கும் ஆகாதுடா. குக்கர இறக்குனா கையோட ஒட்டிக்கும். தரையத் தொடச்சா தண்ணிய இந்தாண்ட இருந்து அந்தாண்ட தள்ளும், அவ்வளவுதான்."

தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். இரும்பு, அட்டை, பாட்டில், பால் கவர் என்று எல்லாவற்றையும் எடுக்கிறவர். "துணி மட்டும் வேணாம் சார். வாங்கி நான் எங்க போடுறது?" என்றார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை திண்டிவனத்தில் கிளம்பி இரும்பை, புதுச்சேரி, திருப்பூர், பானிபட் என்று சுற்றி வருகிறது.

ஆயாவின் நூல் சேலை

என் ஆயா வீடு இரும்பைக்குப் பக்கத்து ஊர். வானூர் வட்டாரத்துச் செம்மண். மணிலாவும் முந்திரியும் சவுக்கும்தான் அங்கே வெள்ளாமை. ஆயாவிடம் ஒரே நேரத்தில் நான்கு சேலைக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் துணிக்குப் பஞ்சம் இருந்ததும் இல்லை. காரணம், ஒரு சேலை சேலையாக இருப்பது அதன் ஆயுளில் முதல் பாதி மட்டும்தான்.

புதிதாக வந்த சேலை கல்யாணம், காதுகுத்துக்கு. சாயம் இறங்கியதும் வீட்டுக்கு. முந்தானைப் பக்கம் நைந்ததும் கொல்லைக்கு. நடுவில் கிழிந்தால் கிழிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நல்ல பாதிகளையும் சேர்த்துத் தைத்து மறுபடி ஒரு வருஷம் கட்டுவார். அதுவும் முடிந்தால் ஏணை. எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் தூங்கியது ஆயாவின் சேலையில்தான். துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலையின் மென்மை எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது. குழந்தை வளர்ந்து ஏணையை அவிழ்த்தால் அது தலகாணி உறை, அல்லது பாயின் மேல் விரிக்கும் விரிப்பு. அதற்கும் பிறகு கிழித்துக் கரித்துணி. முந்திரிக்கொட்டைக் கூடையோ தண்ணீர்க் குடமோ தலையில் ஏறும்போது முறுக்கி வளையமாக வைக்கிற சும்மாடு. கடைசியில் மிஞ்சுகிற கிழிசல், கார்த்திகைக்குப் பந்தத்தில் சுற்றி எண்ணெய் ஊற்றிக் கொளுத்த.

தாத்தாவின் வேட்டிக்கு இன்னும் கௌரவமான மறுவாழ்வு. நைந்த வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துத் திரி திரிப்பார்கள். சதுரமாக வெட்டினால் இட்லித் துணி. மீதியைக் கோடையில் கூழ் வடகம் ஊற்ற எடுத்து வைப்பார் ஆயா. மொட்டை மாடியில் ஈரவேட்டியை விரித்து, கூழைக் கரண்டியால் எடுத்து வரிசையாக ஊற்றிக்கொண்டே போவார். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் துணியைப் புரட்டிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் சுளை சுளையாக வந்துவிடும். துணி தண்ணீரை உள்ளே விடும் என்பதால்தான் அந்த வித்தை பலிக்கிறது. பாலியஸ்டர் வேட்டியில் இதைச் செய்து பாருங்கள். தெளித்த தண்ணீர் மேலேயே முத்து முத்தாக நிற்கும்.

பழந்துணியைத் தேடி எடுத்ததற்கு ஏழ்மை மட்டும் காரணம் இல்லை. புதுத்துணியில் கஞ்சிப் பசை இருக்கும். தறியில் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்க ஏற்றிய பசை அது. அது போகிறவரை துணி ஈரத்தைச் சரியாக இழுக்காது. பத்துப் பதினைந்து முறை வெளுத்த பிறகுதான் பருத்தி தன் முழுக் குணத்துக்கு வரும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைத்தான் சுற்றினார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், மாதவிலக்கான பெண்ணுக்கும் பழைய சேலையைத்தான் கிழித்துக் கொடுத்தார்கள். துணியைப் பற்றி அந்தப் பெண்களுக்கு இருந்த அறிவை நாம் சிக்கனம் என்று மட்டும் பெயர் வைத்துக் குறைத்துவிட்டோம்.

இந்த வழக்கங்கள் ஏன் போயின? நமக்குத் திமிர் வந்துவிட்டது, வாங்கி வாங்கி எறிகிறோம் என்று சொல்வது சுலபம். பாதி உண்மைதான். மீதிப் பாதி அம்மாவின் விரலுக்குத் தெரிந்தது. துணி மாறிவிட்டது. இன்று உலகத்தில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். பெட்ரோலியத்திலிருந்து வருவது; தண்ணீர் பாட்டில் எந்தப் பொருளோ இதுவும் அதே பொருள். பூனம் சேலை, ஷிஃபான், ஜார்ஜெட், 'காட்டன் மாதிரியே இருக்கும்' என்று கடைக்காரர் விரித்துப் போடுகிற சேலை எல்லாம் பெரும்பாலும் அதுதான். உடுத்த லேசு, துவைக்க லேசு, இஸ்திரி வேண்டாம், கிழியவே கிழியாது. கிழியாததுதான் தொல்லை. சேலையாகவும் இருக்காது, கரித்துணியாகவும் ஆகாது, மண்ணிலும் மக்காது.

சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, சாமணத்தில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு மணி போல இறுகும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், ஓரத்தில் மணியும் கட்டும். நம் வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது ரகம். மறுசுழற்சிக்காரர்களுக்குத் தலைவலியும் அதுதான்.

ஒட்டுப் போட்ட லிங்கம்

திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறி, கிளியனூரைத் தாண்டி, திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கினால் கிழக்கே ஆரோவில் போகும் சாலையில் இரும்பை. சம்பந்தர் பாடிய ஊர். தேவாரத்தில் இரும்பை மாகாளம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-ல் ஒன்று. மாகாளேஸ்வரர், குயில்மொழியம்மை.

இங்கே சொல்லப்படும் கதை கடுவெளிச் சித்தருடையது. மழை இல்லாத காலம். அசையாமல் தவத்தில் இருந்த சித்தரை ஒரு நாட்டியப் பெண்ணை வைத்து எழுப்புகிறான் அரசன். பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுகிறது. சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். ஊர் கைகொட்டிச் சிரிக்கிறது. அவர் மனம் கொதித்துப் பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது என்பது தல வரலாறு. பிளந்ததைச் செப்புத் தகட்டால் பொருத்தி இன்றுவரை பூஜை நடக்கிறது.

நம் ஊரில் பின்னப்பட்ட மூர்த்தியை வைத்துக் கும்பிடக் கூடாது என்று ஆயிரம் சாஸ்திரம் சொல்வார்கள். உடைந்த சிலையை ஆற்றில் விடு, கிணற்றில் போடு என்பார்கள். இரும்பைக்காரர்கள் தகடு வைத்து ஒட்டுப் போட்டுவிட்டு, அதே சாமிக்கு அபிஷேகம் செய்கிறார்கள். பழந்துணியைப் பற்றி எழுத வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது என்று தோன்றியது. ஒட்டுப் போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போகக் கூச்சப்பட்டு அழுத நாள் ஒன்று எனக்கு உண்டு. அந்த நாளில் யாராவது இந்தக் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

கட்டைவிரல் அளவு பொம்மை

கோயிலிலிருந்து இன்னும் கிழக்கே போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நகரம். இரும்பை, எடையன்சாவடி, குயிலாப்பாளையம், ஆலங்குப்பம் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் காலையில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தையல் கூடங்களும் அந்த வேலைகளில் சேர்த்தி. தையல் இருக்கிற இடத்தில் வெட்டுத்துணி குவியும்.

அந்தக் குவியலிலிருந்துதான் சுனாமிகா பிறந்தது. 2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்த பிறகு, இந்தக் கரையோரத்து மீனவக் குடும்பங்களின் பெண்கள் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் 1997-ல் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தைத் தொடங்கிய உமா பிரஜாபதி, தன் கூடத்தில் மிஞ்சிய துணுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார். கைக்கு வேலை கொடுத்தால் மனசுக்குக் கொஞ்சம் இளைப்பாறல் கிடைக்கும் என்ற எண்ணம். கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பெண் பொம்மை. துணியைச் சுருட்டி நூலால் கட்டி, தலையில் நூல் முடி. அறுநூறு பெண்கள்வரை பயிற்சி பெற்றார்கள்.

இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. விற்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். பரிசாகத்தான் கைமாறும், வாங்கிக்கொண்டவர்கள் மனமுவந்து தரும் நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சுனாமிகாக்கள் எண்பது நாடுகளுக்குப் போயிருக்கின்றன. பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் துணிப்பை ஒன்றையும் உபாசனா பிறகு கொண்டுவந்தது.

இரும்பையை ஒட்டியே இயங்குகிறது ஆரோவில் கிராம செயல்வழிக் குழு. 1983 முதல் சுற்றுக் கிராமங்களில் மகளிர் குழுக்களோடு வேலை செய்துவரும் அமைப்பு. 2010-ல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்' இதே வட்டாரத்துப் பெண்களின் தையலில்தான் நிற்கிறது. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் பருத்தி நாப்கின் தைக்கிறார்கள். ஆயா கிழித்துக் கொடுத்த பழஞ்சேலைக்குப் பட்டன் வைத்து, பல மடிப்பு தைத்து, வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள் என்று குறும்பாகச் சொல்லலாம். குறும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பழந்துணி முறையில் கோளாறு துணியில் இருக்கவில்லை. பெண்கள் அதை வெயிலில் காயப்போட முடியாமல், கூரைச் சந்திலும் கதவுக்குப் பின்னாலும் ஒளித்து ஈரத்தோடு பயன்படுத்த வேண்டியிருந்ததுதான் கோளாறு. கொடியில் பத்துப் பேர் பார்க்கக் காயப்போடலாம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் இதில் பாதி வேலை.

ஆரோவில்லில் ஓர் இலவசக் கடையும் உண்டு. வேண்டாத உடையைக் கொண்டுவந்து வைக்கலாம், வேண்டியதை எடுத்துப் போகலாம், கல்லாப்பெட்டி கிடையாது. மற்ற ஊர்களில் இது 'தருமம்' என்ற பெயரில் நடக்கும், கொடுப்பவர் கை மேலே இருக்கும். இங்கே கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே ஆள் என்பதால் அந்தக் கூச்சம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும். சுனாமிகாவில் இருப்பது தையல் கூடத்தின் புதுத் துணுக்கு. என்ன இழை, என்ன சாயம் என்று தெரிந்த, வியர்வை படாத, சுத்தமான துணி. என் வீட்டு மூட்டை வேறு ஜாதி. மறுசுழற்சி என்று நாம் பத்திரிகையில் படித்துச் சந்தோஷப்படுகிற கதைகளில் பாதிக்கு மேல் முதல் வகையைப் பற்றியவை. இரண்டாவது வகையை எடுக்க ஆள் கிடையாது.

காகிதமாகும் பனியன்

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. மூலப்பொருள் மரம் அல்ல, பருத்திப் பனியன் துணியின் வெட்டுக்கழிவு. துணுக்குகளைப் பொறுக்கி, நறுக்கி, தண்ணீரோடு சேர்த்து அரைத்தால் தோசை மாவு பதத்தில் கூழாகிறது. அதில் சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்தால் தண்ணீர் வடிந்து ஒரு மெல்லிய ஏடு தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி நீரைப் பிழிந்து உலர்த்துகிறார்கள். பருத்தி இழை மர இழையைவிட நீளமும் உறுதியும் கொண்டது. அந்தக் காகிதம் நூறு வருஷம் ஆனாலும் மஞ்சளாகி நொறுங்காது. மரக்கூழ் வருவதற்கு முன்னால் ஐரோப்பா முழுக்கக் காகிதம் கந்தலில்தான் பிறந்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நோட்டும் பருத்திதான். பையோடு சேர்த்துத் துவைத்தாலும் பிழைத்துக்கொள்கிறதே, அதனால்தான்.

மேற்கே திருப்பூர்ப் பக்கம் போனால் இதே கழிவை மீட்கும் வேலை தொழிற்சாலை அளவில் நடக்கிறது. பனியன் கம்பெனியில் துணியை வெட்டும்போது விழும் துண்டுக்கு 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். அதற்கென்று வியாபாரிகள், அதற்கென்று குடோன்கள், தினசரி விலை நிலவரம். குடோனில் பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். சிவப்பு தனி, நீலம் தனி, கறுப்பு தனி. அதை இயந்திரத்தில் போட்டுப் பிய்த்து மறுபடி பஞ்சாக்குகிறார்கள். பிய்த்த பஞ்சின் இழை குட்டையாகிவிடும். சாதாரண ஸ்பின்னிங் மில்லில் அதை நூற்க முடியாது. ஓ.இ. மில் என்று சுருக்கமாகச் சொல்லும் ஓப்பன் எண்ட் மில்லில்தான் முடியும். வெள்ளகோவில், மங்கலம், உடுமலைப் பக்கம் இப்படிப்பட்ட மில்கள் நிறைய. நூல் கொஞ்சம் தடியாகத்தான் வரும். போர்வை, கால்மிதி, துண்டு, லுங்கி, கையுறைக்கு அது போதும். சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூலே வந்துவிடுவதால் சாயம் போட வேண்டியதில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதிலும் மிஞ்சுவது 'பனியன் வேஸ்ட்' மூட்டையாக மெக்கானிக் ஷெட்டுக்கும் அச்சகத்துக்கும் போகிறது. கிரீஸ் கையைத் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். அங்கேயும் பருத்திக்குத்தான் கேட்பு. பாலியஸ்டர் கலந்தால் எண்ணெயை இழுக்காது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெக்கானிக்கின் விரலும் அம்மாவின் விரலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கின்றன.

உடுத்திக் கழித்த துணிக்கு இந்தியாவில் பெரிய இடம் ஹரியானாவின் பானிபட். உலகத்தின் பழைய ஸ்வெட்டரும் கோட்டும் அங்கே வந்து இறங்குகின்றன. பட்டன், ஜிப் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, பிய்த்து நூற்றுக் கம்பளியாக்குகிறார்கள். பேரிடர் சமயங்களில் நிவாரணமாகக் கொடுக்கும் மலிவுக் கம்பளி. இந்தத் தொழில்நுட்பம் புதியதே அல்ல. 1813-ல் இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்து நூற்றுக் காட்டினார். இருநூறு ஆண்டு கழித்தும் உலகம் அதே இடத்தில்தான் நிற்கிறது. பழைய உடை மறுபடி புது உடையாவது உலக அளவில் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்கிறது என்று 'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பின் 2022 ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதி, வீடுகளிலிருந்து வருவது. ஆறுதலான சேதி என்னவென்றால், மொத்தக் கழிவில் 59 சதவீதம் ஏதோ ஒரு வழியில் மறுபடி ஜவுளித் தொழிலுக்குள் திரும்பிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல்தான் வீட்டுத் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிப்பதை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. நம்மூரில் சட்டம் எதுவும் சொல்லாமலே தலையில் எவர்சில்வர் கூடையோடு தெருவில் வந்த பாத்திரக்கார அம்மா அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். நான்கு சேலைக்கு ஒரு கிண்ணம், பேரம் படிந்தால் ஒரு தூக்கு. இப்போது அவருக்குப் பதிலாக பிளாஸ்டிக் குடத்தோடு டி.வி.எஸ். வண்டி வருகிறது. ஜரிகைப் பட்டு இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள். அதில் வெள்ளி இருக்கிறதே.

கொடுத்துவிட்டால் போயிற்றா?

"யாராவது இல்லாதவங்களுக்குக் கொடுத்துடலாமே" என்றாள் தங்கை. எல்லார் வீட்டிலும் எழும் குரல்தான். 2004 சுனாமியின்போது நாடே அப்படித்தான் நினைத்தது. லாரி லாரியாகப் பழந்துணி தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்தது. கிழிந்தவை, அழுக்கானவை, அந்தப் பெண்கள் ஒருநாளும் உடுத்தாத ரகங்கள். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்களும் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. அதைத் தரம்பிரித்துப் பயன்படுத்தும் வேலையைக் 'கூஞ்ச்' எடுத்துச் செய்தது. 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய அமைப்பு; 2015-ல் அவருக்கு மகசேசே விருது.

கூஞ்சின் வழி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அவர்கள் துணியை இலவசமாகக் கொடுப்பதில்லை. ஊர்மக்கள் கூடிக் கிணறு வெட்டுவார்கள், குளம் தூர்வாருவார்கள், பாதை போடுவார்கள். அதற்கான கூலியாகக் குடும்பத்துக்கு ஏற்ற உடைகள் போகும். உடுத்த முடியாத பருத்தி நாப்கினாகிறது. சேலைகளை அடுக்கி மெத்தை விரிப்பு தைக்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இழை ஓட்டிப் பிறந்ததுதானே. ஆனால் அவர்களும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: துவைத்துக் கொடுங்கள், நீங்கள் உடுத்தக் கூசாததைக் கொடுங்கள்.

கொடுக்க மனமில்லாதவர்கள் போகியில் கொளுத்தினார்கள். பருத்தியாக இருந்த காலத்தில் அது வெறும் புகை. பாலியஸ்டரையும் டயரையும் கொளுத்துவது வேறு விவகாரம். 2018 போகியன்று காலை சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் போயின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. மேளம் அடித்துக்கொண்டே எரிக்கிறோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021 டிசம்பர் 23-ல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தருகிற இயந்திரங்களும் வந்தன. ஆனால் எல்லாம் புதுத்துணி. தமிழ்நாட்டின் ஒவ்வொரு பரணிலும் ஆயிரம் பைக்கான துணி தூங்கிக்கொண்டிருக்கும்போது, பைக்கென்று புதிதாக நூற்று நெய்கிறோம். அம்மாவின் இடப்பக்கக் குன்றுக்கு ஏதாவது ஒரு உருப்படியான வேலை உண்டென்றால் அது பைதான். கிழியாத குணம், ஈரம் இழுக்காத குணம் இரண்டும் அங்கே மட்டும் வரம். பேன்ட்டின் காலைக் குறுக்கே வெட்டி, அடியைத் தைத்து, அதே துணியில் காது வைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். ஊரில் தையல் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள், மகளிர் குழுக்களும் இருக்கின்றன. உள்ளாட்சி அமைப்புகள் பழந்துணிக்கென்று வாரம் ஒரு நாள் வண்டி அனுப்பி, பிரித்து, தைக்கக் கூலி கொடுத்தால் நடக்கக்கூடிய காரியம்தான் இது.

ஆனாலும் பைக்கும் ஒரு அளவு உண்டு. ஒரு வீட்டுக்கு எத்தனை பை வேண்டும்? பழந்துணியை என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டிய இடம் பரண் இல்லை, ஜவுளிக்கடை. விரித்துப் போட்ட சேலையை வாங்குவதற்கு முன்னால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்பு தேய்த்து, 'இது கிழிந்தால் என்ன ஆகும்' என்று ஆயா போல ஒரு நிமிஷம் யோசிப்பதில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். நூல் சேலைக்கு விலை கொஞ்சம் கூடுதல்தான், கஞ்சி போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம் போய் நூல் சேலை கட்டு என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் பேன்ட்டுகளே அந்தக் குன்றில்தான் கிடக்கின்றன. படுக்கை விரிப்பு, துண்டு, தலகாணி உறை, நைட்டி, லுங்கி, குழந்தைத் துணி, இவற்றிலாவது பருத்தியைப் பார்த்து வாங்கலாம். இவைதான் நாளைக்கு வீட்டில் மறுபடி பயன்படுகிறவை.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பழைய பேப்பர் கடைக்காரரிடம் அவருடைய கொக்கித் தராசை இரவல் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். அம்மா பிரித்த இரண்டு குவியலையும் தனித்தனியாகக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். நூல் துணி மூன்று கிலோ இருநூறு கிராம். அதில் ஒரு பழைய வேட்டி வடகத்துக்கென்று தனியாக மடித்து வைக்கப்பட்டுவிட்டது. மற்றது பதினாலரை கிலோ. இரண்டு பேன்ட்டில் நான்கு பை தைத்தோம். மீதி மறுபடி பரணில் இருக்கிறது.